பற்றுச்சீட்டில் எழுதப்படாத விலை: கணக்காளர் குமரப்பாவின் வாழ்க்கை

சென்ற நோன்புப் பெருநாள் விடுமுறையில் என் சாச்சாவின் மகன் ஒரு கொப்பியோடு வீட்டுக்கு வந்தான். யாழ்ப்பாணம் சோனகத் தெருப் பக்கம் சிறிய கடையொன்றை வாடகைக்குப் பேசியிருந்தான். கலியாண வீடுகளுக்கும் கந்தூரிகளுக்கும் வேண்டிய, ஒருமுறை பாவித்துவிட்டு எறியும் தட்டு, கோப்பை, கரண்டி, மேசை விரிப்பு, பொலித்தீன் பை எல்லாவற்றையும் மொத்தமாகவும் சில்லறையாகவும் விற்பது அவனுடைய எண்ணம். நானா பாடசாலையில் வணிகக் கல்வியும் கணக்கீடும்தானே படிப்பிக்கிறீர்கள், வங்கியில் கடன் கேட்பதற்கு ஒரு வணிகத் திட்டம் எழுதித் தாருங்கள் என்று கேட்டான்.

மறுக்க முடியாத கோரிக்கை அது. 1990 ஒக்டோபரில் இரண்டு மணித்தியால அவகாசத்தில் நாங்கள் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்டபோது எனக்கு வயது பத்து. அவன் புத்தளத்து ஓலைக் கொட்டிலில் பிறந்தவன். சாச்சா இழந்த கடையை மீண்டும் திறக்காமலேயே மௌத்தாகிவிட்டார். மகன் முச்சக்கர வண்டி ஓட்டிச் சேர்த்த காசோடு வாப்பாவின் ஊரில் கடை திறக்க வந்திருக்கிறான். அன்றிரவே உட்கார்ந்து எழுதினேன். கொள்விலை, விற்பனை விலை, கூலி, வாடகை, வட்டி. இலாபம் நன்றாகவே வந்தது. ஒரே நாளில் குப்பையாகிற பொருளை மறுநாளும் வாங்கத்தானே வேண்டும்! வணிகப் பாடத்தின்படி அதைவிடச் சிறந்த சரக்கு இல்லை.

அடுத்த வாரம் பத்தாம், பதினோராம் தர மாணவர்களைக் கீரிமலைக்குக் களப்பயணமாக அழைத்துச் சென்றோம். மாவிட்டபுரத்தில் திரும்பிக் கடற்கரைக்குப் போனால், உப்புக் கடலுக்கு ஒரு சுவர் தள்ளி நன்னீர் நிறைந்த கேணி. இந்து மக்கள் தங்கள் முன்னோருக்குக் கடமை செய்யும் புனிதமான இடம் என்பதால் பிள்ளைகள் மரியாதையோடு ஒதுங்கி நின்று பார்த்தார்கள். வற்றாத ஆறு ஒன்றும் ஓடாத இந்தக் குடாநாட்டில், கடலின் ஓரத்தில், இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஒரு மாணவி கேட்டாள். மாரியில் பெய்யும் மழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, நிலத்துக்குக் கீழே உப்பு நீரின் மேல் மிதந்து நின்று, இங்கே ஊற்றாகக் கசிகிறது என்று விளக்கினேன். திரும்பும் வழியில் அவர்களுக்கு இன்னொன்றையும் காட்டினேன். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்காக அதே சுண்ணாம்புக்கல்லைத் தோண்டிய பெருங்குழிகள். 1950இல் தொடங்கிய தொழிற்சாலை 1990இல் யுத்தத்தோடு நின்றது. ஆலை நின்று முப்பது வருடங்களுக்கு மேலாகியும் குழி குழியாகவே கிடக்கிறது.

ஊற்று ஒவ்வொரு மாரிக்கும் நிரம்புகிறது. குழி ஒருநாளும் நிரம்பாது. இந்த வித்தியாசத்தின் மேல் ஒரு பொருளாதாரத்தையே கட்டிய மனிதர் ஒருவர் அப்போது என் நினைவுக்கு வந்தார். ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்ற காலத்தில், நூலகத்தின் கீழ்த்தட்டில் தூசி படிந்து கிடந்த அவருடைய புத்தகத்தைப் பரீட்சைக்குத் தேவையில்லாமலே வாசித்திருந்தேன். பெயர் ஜே.சி. குமரப்பா. தமிழர், கிறிஸ்தவர், தொழிலால் கணக்காய்வாளர். தமிழ் பேசும் முஸ்லிம் வியாபாரிகளாகிய நாம் அவரைப் பற்றி அறிந்திருப்பது நல்லது என்று நினைக்கிறேன்.

லண்டன் உடையில் ஒரு தமிழர்

1892 ஜனவரி 4ஆம் திகதி தஞ்சாவூரில் பிறந்த அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ். தகப்பனார் அரசாங்கப் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தவர். வசதியான, ஒழுங்கான குடும்பம். 1912இல் கணக்கியல் படிக்க லண்டன் சென்ற மகன், தகுதி பெற்ற கணக்காளராகி அங்கேயே சில காலம் வேலையும் செய்தார். ஊர் திரும்பிய பின் பம்பாயில் கணக்காய்வு நிறுவனம் நடத்தினார். உடையும் பேச்சும் பழக்கமும் முழுக்க ஆங்கிலேய முறைதான். கொம்பனிகளின் பேரேடுகளைச் சரிபார்ப்பதும், ஐந்தொகை சமன்படுகிறதா என்று பார்ப்பதும்தான் அவருடைய உலகம்.

1920களின் கடைசியில் அமெரிக்கா போனார். சிரக்கியூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகமும், நியூயோர்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அரச நிதியும் படித்தார். இந்தியா ஏன் வறுமையில் கிடக்கிறது என்று அங்கே ஒரு தேவாலயத்தில் பேச நேர்ந்தது. அந்தப் பேச்சுப் பத்திரிகையில் வெளிவர, அதைக் கண்ட அவருடைய பேராசிரியர் செலிக்மன், அதையே ஆய்வாகச் செய்யும்படி சொன்னார். வரியாக எவ்வளவு எடுக்கப்பட்டது, எடுத்த காசு யாருக்காகச் செலவானது என்று பிரித்தானிய அரசாங்கத்தின் கணக்குகளை ஒரு கணக்காய்வாளரின் கண்ணோடு புரட்டினார். அதுவரை தான் மதித்து வந்த ஆட்சி, ஏழையின் கையிலிருந்து எடுத்து இராணுவத்துக்கும் உயர் அதிகாரிகளின் சம்பளத்துக்கும் கொடுக்கும் ஆட்சி என்பது அவருக்கு இலக்கங்களிலேயே தெரிந்தது. எந்தத் தலைவரின் மேடைப் பேச்சும் அவரை மாற்றவில்லை. கணக்குத்தான் மாற்றியது.

அந்த ஆய்வை அச்சிட வழி தேடித்தான் 1929 மே மாதம் அகமதாபாத்திலுள்ள சபர்மதி ஆசிரமத்துக்குப் போனார். மேல்நாட்டு உடையும் கைத்தடியுமாகப் போனவர், சாணம் மெழுகிய தரையில், மர நிழலில் இராட்டை சுற்றிக்கொண்டிருந்த முதியவர் ஒருவரைக் கண்டு நின்றார். குறித்த நேரத்துக்கு இன்னும் சில நிமிடங்கள் இருந்தன. தான் பார்க்க வந்த மகாத்மா காந்தி அவர்தான் என்று பிறகுதான் தெரிந்தது. மடிப்புக் கலையாத காற்சட்டையோடு அவரும் தரையில் உட்கார்ந்தார். ஆய்வைத் தன் பத்திரிகையில் வெளியிடச் சம்மதித்த காந்தி, கூடவே ஒரு வேலையும் கொடுத்தார். குஜராத்தின் மாதர் தாலுகாவில் கிராமம் கிராமமாகப் போய் மக்களின் வரவு செலவை எடுக்க வேண்டும்.

குஜராத்தி மொழி ஒரு சொல்லும் தெரியாதவர் அந்த வேலையை ஏற்றார். மாணவர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஐம்பதுக்கும் மேற்பட்ட கிராமங்களில் வீட்டுக் கணக்கு எடுத்தார். விதைக்கு எவ்வளவு, மாட்டுக்கு எவ்வளவு, வரிக்கு எவ்வளவு, கடைசியில் சாப்பாட்டுக்கு எவ்வளவு? கொம்பனிக் கணக்கில் ஒருபோதும் வராத மனிதர்களை அவர் முதன்முதலாக அங்கே கண்டார். கொர்னேலியஸ் என்ற பெயரை விட்டுவிட்டு மூதாதையரின் பெயரான குமரப்பாவை எடுத்துக்கொண்டதும், கதர் உடுத்தத் தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான். காந்தி சிறையிலிருந்தபோது அவருடைய பத்திரிகையை நடத்தினார். அதற்காகத் தானும் சிறை சென்றார்.

மூன்று அணாக் கணக்கு

1934 ஜனவரியில் பீஹாரில் பெரும் பூமியதிர்ச்சி. நாடெங்கிலுமிருந்து நிவாரணப் பணம் குவிந்தது. பொதுப் பணம் குவியும் இடத்தில் என்ன நடக்கும் என்பது சுனாமியையும் யுத்தத்தையும் கண்ட நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கணக்குகளைப் பார்க்கக் குமரப்பாவை அழைத்தார்கள். தொண்டர் ஒருவரின் ஒருநாள் சாப்பாட்டுக்கு மூன்று அணாவுக்கு மேல் கிடையாது என்று விதி வைத்தார்.

அப்போது காந்தியே தன் குழுவோடு பட்னாவுக்கு வந்தார். அவர்களுடைய பாலுக்கும் பழத்துக்கும் மூன்று அணா போதாது. நிவாரண நிதியிலிருந்து அதற்குக் காசு தர முடியாது, வேறு வழி பார்த்துக்கொள்ளுங்கள் என்று குமரப்பா கறாராகச் சொல்லிவிட்டார். காந்தி அதை ஏற்றுக்கொண்டார். இந்த நிகழ்ச்சியைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். சொந்தப் பேச்சு வந்தவுடன் அரசாங்க எண்ணெயில் எரிந்த விளக்கை அணைத்த கலீஃபா உமர் பின் அப்துல் அஸீஸின் வரலாற்றைச் சிறுவயதில் மத்ரஸாவில் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. பள்ளிவாசல் நிதியையும் ஸகாத் நிதியையும் கையாளும் நம் ஊர்ச் சங்கங்களில் எத்தனை பேர் தலைவரின் முகத்துக்கு நேரே இப்படிச் சொல்வோம் என்பதுதான் கேள்வி.

ஒரு தகரக் கொக்கோவின் வரலாறு

அதே வருடக் கடைசியில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கம் தொடங்கப்பட்டது. காந்தியின் வழிகாட்டலில் நடந்த அதற்குக் குமரப்பா செயலாளர். வார்தா நகரத்திலிருந்த அதன் நிலையத்தில் அவர் செய்தவை பார்வைக்கு மிகச் சிறிய வேலைகள். தவிட்டோடு சத்தும் போகாதபடி அரிசி குத்துவது, செக்கில் எண்ணெய் ஆட்டுவது, தேனீ வளர்ப்பது, கையால் கடதாசி செய்வது, சவர்க்காரம் காய்ச்சுவது. கரும்புக்காக நெல் விளையும் நிலத்தை எடுக்காமல், தானாக வளர்ந்து நிற்கும் பனையிலிருந்து வெல்லம் எடுங்கள் என்றார். குட்டானில் பனங்கட்டி வாங்கித் தேநீர் குடித்த யாழ்ப்பாணத்தாருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. கப்பலில் வரும் மண்ணெண்ணெய்க்குப் பதிலாக ஊரில் கிடைக்கும் தாவர எண்ணெயில் எரியக்கூடிய விளக்கு ஒன்றும் அந்த நிலையத்தில் செய்யப்பட்டது.

இந்தச் சிறு வேலைகளுக்குப் பின்னால் பெரிய கேள்வி ஒன்று இருந்தது. பொருள் வாங்கும் ஒருவருடைய பொறுப்பு எங்கே முடிகிறது? காசைக் கொடுத்துப் பற்றுச்சீட்டை வாங்கியவுடன் முடிந்துவிடுகிறது என்பது நாம் பாடசாலையில் படிப்பிப்பது. குமரப்பா அதை ஏற்கவில்லை. அவர் காட்டிய உதாரணம் ஒரு தகரக் கொக்கோ. மேற்கு ஆபிரிக்கத் தோட்டத்தில் கட்டாய வேலை வாங்கிப் பறித்த கொட்டையாக இருக்கலாம். பீரங்கியின் பலத்தில் பிடித்து வைத்த கடல் வழியாகக் கப்பல் வந்திருக்கலாம். குறைந்த கூலிக்குத் தொழிலாளரைப் பிழியும் ஆலையில் அரைபட்டிருக்கலாம். ஆட்சியாளரின் செல்வாக்கில் தீர்வைச் சலுகையோடு துறைமுகத்தில் இறங்கியிருக்கலாம். அந்தத் தகரத்தைக் காசு கொடுத்து வாங்குகிறவர் இவை அத்தனைக்கும் பங்காளி என்பது அவருடைய வாதம். திருட்டுப் பொருள் என்று தெரிந்தும் மலிவாக வாங்குகிறவனை நாம் நியாயவான் என்று சொல்வதில்லை அல்லவா?

அப்படியானால் உலகத்தின் மூலை முடுக்கெல்லாம் போய் விசாரித்தா பொருள் வாங்குவது? முடியாது. ஆகவே முடிந்தவரை நம் கண்ணுக்கு எட்டும் தூரத்தில், செய்தவரைத் தெரிந்து வாங்குங்கள் என்றார். அவருடைய உள்ளூர்ப் பற்றுக்குக் காரணம் அந்நிய நாட்டார் மீது வெறுப்பல்ல. ஒரு கணக்காய்வாளர் தான் பார்க்காத கணக்குக்குக் கையெழுத்து வைக்க மாட்டார், அவ்வளவுதான்.

காசைப் பற்றியும் அவருக்கு ஒரு தெளிவு இருந்தது. ஒரு ரூபா எல்லார் கையிலும் ஒரே ரூபாவல்ல. ஏழையிடம் அது சில நாள் சாப்பாடு. பணக்காரனிடம் ஒரு சுருட்டு. பழக் கூடையோடு சந்தைக்கு வருகிறவளுக்குப் பொழுது சாய்வதற்குள் விற்றாக வேண்டும், பழம் அழுகும். காசு வைத்திருப்பவனுக்கு அவசரமில்லை, காசு அழுகாது. சந்தையில் வெங்காய மூட்டையோடு காத்திருக்கும் விவசாயியையும், மீன் கூடையோடு நிற்கும் கடற்றொழிலாளியையும் பாருங்கள். பேரம் தொடங்குமுன்பே யார் வெல்வார் என்பது தீர்மானமாகிவிடுகிறது.

ஊற்றும் குழியும்

1942க்குப் பிறகு மீண்டும் சிறை. ஜபல்பூர்ச் சிறையில் அவர் எழுதிய நூல், நிலைத்த பொருளாதாரம் என்ற பொருள்படும் ஆங்கிலத் தலைப்போடு 1945இல் வெளிவந்தது. காந்தி முன்னுரை எழுதினார். நான் கலாசாலையில் வாசித்தது அதைத்தான்.

இயற்கையின் செல்வத்தை அவர் இரண்டாகப் பிரித்தார். எடுத்தால் குறைந்துகொண்டே போய் ஒருநாள் தீர்ந்துவிடும் இருப்பு ஒன்று: நிலக்கரி, பெற்றோலியம், உலோகக் கனிமங்கள். அளவோடு எடுத்தால் திரும்பத் திரும்ப வரும் ஓட்டம் மற்றொன்று: மழை நீர், காற்று, காடு, பயிர். இருப்பை நம்பி வாழும் நாடுகள் அது குறையக் குறைய அடுத்தவன் இருப்பைத் தேடிச் சண்டைக்குப் போகும் என்றும், ஓட்டத்தை நம்பி வாழ்வதுதான் சமாதானத்துக்கு வழி என்றும் சொன்னார். இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருக்கும்போது எழுதிய வரிகள் அவை.

உயிரினங்களின் பிழைப்பையும் அவர் ஐந்து படிகளாகக் காட்டினார். புலி தன் இரையைக் கொன்று தின்கிறது. குரங்கு மரத்தைக் கொல்லாது, ஆனால் தான் வளர்க்காத பழத்தைப் பறித்துப் போகிறது. வண்டு தேனை எடுக்கும்போதே பூவுக்கு மகரந்தத்தையும் சேர்க்கிறது. தேனீ தன் தனி வயிற்றுக்காக அல்லாமல் முழுக் கூட்டுக்காகவும் சேர்க்கிறது. தாய்ப் பறவை ஒன்றையும் திருப்பி எதிர்பாராமல் குஞ்சுக்கு ஊட்டுகிறது. நமது வியாபாரம் இந்த ஐந்தில் எந்தப் படியில் நிற்கிறது என்று ஒவ்வொரு வியாபாரியும் தன்னையே கேட்டுக்கொள்ளலாம்.

கணக்கீடு படிப்பிக்கும் எனக்கு இதில் ஒரு பழகிய விதி தெரிகிறது. மூலதனத்தை எடுத்துச் செலவழித்துவிட்டு அதை இலாபம் என்று காட்டினால் அது மோசடி. இயந்திரம் தேய்ந்தால் பெறுமானத்தேய்வு என்று எழுத வேண்டும். சுண்ணாம்புக்கல்லைத் தோண்டி விற்றவர்கள் சீமெந்து மூட்டைகளை வருமானத்தில் எழுதினார்கள். குடாநாட்டின் குடிநீரைத் தாங்கி நிற்பதும் அதே கல்தான் என்பதை எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை. நாமும் அப்படித்தான். மோட்டார் போட்டுக் கிணற்றை அளவுக்கு மீறி இறைத்தால் கீழேயுள்ள உப்பு நீர் மேலே வரும். அளவுக்கு மீறி உரம் போட்டால் நைத்திரேற்று கிணற்றில் இறங்கும். வெங்காயம் விற்ற காசு வரவில் இருக்கிறது. கெட்டுப்போன கிணறு எந்தக் கொப்பியிலும் இல்லை. ஓடும் ஆற்றில் வுழூச் செய்தாலும் தண்ணீரை விரயமாக்கக் கூடாது என்று படித்தவர்கள் நாம். வற்றாத ஆறில்லாத மண்ணில் வாழும் நமக்கு அந்தப் போதனை இரட்டிப்புக் கடமை.

தனித்துப்போன முதுமை

சுதந்திரம் கிடைத்ததும் நில உடைமைச் சீர்திருத்தத்துக்காகக் காங்கிரஸ் அமைத்த குழுவுக்குக் குமரப்பா தலைமை தாங்கினார். 1949இல் அறிக்கை கொடுத்தார். ஆனால் புதிய அரசாங்கம் பெரிய ஆலைகளின் பக்கம் நின்றது. பழைய தோழர்கள் அமைச்சர்களானார்கள். அவர் அவர்களையும் பிரித்தானியரை விமர்சித்த அதே கறாரோடு விமர்சித்தார். மெல்ல மெல்ல ஒதுக்கப்பட்டார். உடல்நிலையும் தளர, கடைசிக் காலத்தை மதுரைப் பக்கத்தில் கல்லுப்பட்டியிலுள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்தார். திருமணம் செய்யவில்லை, சொத்துச் சேர்க்கவில்லை. 1960 ஜனவரி 30ஆம் திகதி, காந்தி சுடப்பட்ட அதே திகதியில், காலமானார். பதின்மூன்று வருடங்களின் பின் ஷூமாக்கர் என்ற பொருளியலாளர், சிறியதே அழகு என்ற பொருள்படும் தலைப்பில் எழுதி உலகப் புகழ்பெற்ற நூலில் குமரப்பாவின் சிந்தனையை எடுத்துக்காட்டினார். அதன் பிறகே வெளியுலகில் பலருக்கு அவருடைய பெயர் தெரிந்தது.

குமரப்பாவைப் பற்றிப் பேசினால் இலங்கையில் உடனே ஒரு கேள்வி வரும். 2021இல் இரசாயன உரத்தை நிறுத்தித்தானே நாடு நாசமானது? நியாயமான கேள்வி. அவரும் இரசாயன உரத்தை நம்பியிருப்பதை எதிர்த்தவர்தான். ஆனால் அவர் எதையும் இரவோடிரவாக வர்த்தமானியில் செய்ததில்லை. முதலில் கணக்கு எடுத்தார், பிறகு மாற்று வழியைச் செய்து காட்டினார், அதன் பிறகே மக்களிடம் சொன்னார். மாற்று ஏற்பாடு இல்லாமல் விவசாயியின் வயிற்றில் அடிப்பது அவருடைய வழியல்ல. அடுத்த வருடம் டொலர் இல்லாமல் பெற்றோல் வரிசையில் நாள்கணக்கில் நின்றோமே, கப்பலில் வரும் இருப்பை நம்பிய வாழ்க்கை எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதை நமக்குக் காட்டியது அந்த வரிசைதான். யாழ்ப்பாணத் தெருக்களில் அந்த நாட்களில் பழைய சைக்கிள்கள் எல்லாம் வெளியே வந்தன.

இரண்டாவது கேள்வி இன்னும் கடினமானது. மலிவானதை வாங்குவது ஏழையின் குற்றமா? இல்லை. அன்றாடம் உழைத்துச் சாப்பிடும் ஒரு குடும்பத்திடம் போய் விலை கூடிய பொருளை வாங்குங்கள் என்று போதிப்பது எனக்கும் வெட்கமாக இருக்கிறது. பொறுப்பு, தெரிவு செய்ய வசதியுள்ளவரிடமிருந்துதான் தொடங்க வேண்டும். ஆயிரம் பேருக்குக் கலியாணச் சாப்பாடு போடுகிறவருக்கு அந்த வசதி இருக்கிறது. கடையில் எதை அடுக்குவது என்று தீர்மானிக்கும் வியாபாரிக்கும் இருக்கிறது.

கீரிமலையிலிருந்து திரும்பிய இரவு தம்பியின் வணிகத் திட்டத்தை மறுபடியும் எடுத்தேன். இலாபக் கணக்குக்குக் கீழே ஒரு வரியைச் சேர்த்தேன்: இந்தத் தட்டுகள் மறுநாள் எங்கே போகும்? விடை எனக்குத் தெரியும். வளவு மூலையில் எரிப்போம், அல்லது மழை வெள்ளம் வாய்க்காலுக்குக் கொண்டுபோகும், அங்கிருந்து கடலுக்கு. அவனைக் கூப்பிட்டு, நம் பெரியவர்கள் கலியாணத்தில் எதில் சாப்பிட்டார்கள் என்று கேட்டேன். சஹனில்தான் என்றான். ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிட்ட சமூகம் நாம். ஆறு தட்டுகளின் குப்பை அங்கே இல்லை. கழுவித் துடைத்தால் அடுத்த கலியாணத்துக்கும் அதே சஹன்.

சஹனையும் கோப்பையையும் கைகழுவும் படிக்கத்தையும் வாடகைக்கு விடும் கடையாகக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். முதலீடு கூட, முதல் வருட இலாபம் குறைவு. உண்மையை மறைக்கவில்லை. ஆனால் சரக்கு தீராது, ஒவ்வொரு வாரமும் புதிதாகக் கொள்வனவு செய்யத் தேவையில்லை, டொலர் ஏறினாலும் சஹன் ஏறாது. கழுவுவதற்கு நம் தெருவிலேயே இரண்டு பெண்களுக்கு வேலை. அவன் நீண்ட நேரம் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கடனைப் பாதியாகக் குறைத்து எழுதச் சொன்னான்.

கடை திறந்து மூன்று மாதமாகிறது. முன்பக்கம் நாற்பது சஹன்கள், அதில் பாதி பழையதாக வாங்கித் தேய்த்து எடுத்தவை. பின்பக்கத்து ஒரு தட்டில் பிளாஸ்டிக் கோப்பைகளும் இருக்கத்தான் செய்கின்றன. கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்பினால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள் என்கிறான். அவனோடு நான் வாதாடவில்லை. வாடகையும் கடன் தவணையும் கட்டுவது அவன்தான். அடுத்த முறை உங்கள் வீட்டில் விசேஷம் வந்தால், கடைக்காரரிடம் முதலில் சஹன் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். நீங்கள் கேட்கக் கேட்கத்தான் அந்தப் பின்பக்கத் தட்டு காலியாகும்.